பம்புசெட் கருவி வடிவமைப்பில் ஒத்துணர்வுக்கு உண்மையில் என்ன வேலை?

பர்கூர் மேட்டுக்காடு (கேள்வி)

மன்றத்தில் உள்ள அனைவருக்கும் வணக்கம். வேளாண் பம்புசெட்டுகளைக் கைப்பேசி வழியாக இயக்கும் கருவிகளைத் தயாரிக்கிற, ஓசூரிலுள்ள ஒரு சிறு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைப் பொருத்துவோம். அதற்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். விவசாயி வீட்டிலிருந்தபடியே அழைத்து மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும் முறையின்போது டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து, பாம்புக்கும் பன்றிக்கும் அஞ்சியபடி மோட்டார் போடப் போனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

இப்போது இந்தக் கருவிக்கு ஒரு செயலி உருவாக்குகிறோம். மின்னழுத்தம், கரண்ட் அளவு, ஓடிய நேரம் ஆகியவற்றை வரைபடமாகக் காட்டும். "பயனரிடம் எம்பதி, அதாவது அவர் நிலையில் நின்று உணரும் ஒத்துணர்வு வேண்டும், அதிலிருந்துதான் பொருள் பிறக்க வேண்டும்" என்று நிர்வாகம் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியது. சுவரில் வண்ணச் சீட்டுகளை ஒட்டினோம். கற்பனையாக ஒரு பயனரை உருவாக்கினோம்: வயது நாற்பத்தைந்து, மூன்று ஏக்கர் தக்காளி, ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறார், நேரத்தை மிச்சப்படுத்த விரும்புகிறார். அவர் என்ன நினைக்கிறார், என்ன உணர்கிறார் என்றெல்லாம் எழுதினோம். எழுதியவர்களில் பலர் பெங்களூரிலிருந்து நாள்தோறும் வந்து போகிறவர்கள். நான் பர்கூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், அந்தச் சீட்டுகளைப் படிக்கும்போது சிரிப்பும் வந்தது, சற்று வருத்தமும் வந்தது.

சோதனைக்காகச் சில தோட்டங்களில் செயலியைக் கொடுத்திருக்கிறோம். கேட்டால் எல்லாரும் "நல்லா இருக்குதுங்க" என்கிறார்கள். ஆனால் எங்கள் பதிவுகளைப் பார்த்தால், தொடக்கத்தில் திறந்ததோடு சரி, பிறகு பழையபடி அழைத்துத்தான் மோட்டாரைப் போடுகிறார்கள். இந்த ஒத்துணர்வு என்பது வடிவமைப்பாளருக்குப் பயன்படும் ஒரு கருவியா, அல்லது கூட்டத்தில் பேசுவதற்கான ஒரு சொல் மட்டும்தானா? விவசாயி வீட்டுப் பிள்ளையான எனக்கு அது இயல்பாகவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா, அல்லது நானும் தோட்டம் தோட்டமாகப் போய்த்தான் ஆக வேண்டுமா? போனாலும், முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்கும் நம் மக்களிடம் உண்மையை எப்படிப் பெறுவது? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

கெலமங்கலம் பழைய பட்டறை

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஓசூர்த் தொழிற்பேட்டையில் கருவிப் பட்டறைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கும் மூதாதையர் நிலம் உண்டு. விவசாயி மகன் என்பதால் நீங்கள் அறிந்திருப்பது உங்கள் தந்தையின் கிணற்றையும் அதன் ஊற்றையும்தான். தளியிலோ அஞ்செட்டியிலோ பாறைக்குள் ஆயிரம் அடி வரை போர் (ஆழ்துளைக் கிணறு) இறக்கிவிட்டு, அரை மணி நேரம் தண்ணீர் வந்து அதன்பின் ஒரு மணி நேரம் நின்றுபோகிற நிலத்தை வைத்திருப்பவரின் கவலை வேறு. அதற்கும் மேலே, நீங்கள் படிக்கப் போய்விட்ட பிறகு உங்கள் வீட்டிலேயே மோட்டாரைப் போடுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் தாயாராகத்தான் இருப்பார். உங்கள் சுவரில் ஒட்டிய நாற்பத்தைந்து வயது ஆண் அவரல்லர்.

ஒரு தக்காளித் தோட்டத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டம்மா மடை மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் முழங்கை வரை சேறு. பட்டன் போன் பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றப்பட்டு, இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் இருந்தது. மகன் வீட்டிலிருந்து மோட்டாரைப் போட்டுவிட்டு, "மோட்டார் ஓடுது" என்று சொல்வதற்காக அழைத்தார், போன் ஒலித்தது, அந்த அம்மா அதை வெளியே எடுக்கவே இல்லை. நிமிர்ந்து, புறங்கையை நெற்றிக்கு மேல் வைத்து, கொட்டாய்க்குப் பக்கத்திலுள்ள தொட்டியைப் பார்த்தார். குழாய் வாயில் தண்ணீர் வெள்ளையாக விழுவது அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. அது தெரிந்த பிறகுதான் மண்வெட்டியைக் கையில் எடுத்தார். பிறகு நான் அந்தக் கருவியைப் பற்றிக் கேட்டபோது, உங்களிடம் சொன்ன அதே விடைதான் எனக்கும் கிடைத்தது: "நல்லாத்தாங்க இருக்குது." அவர் பொய் சொல்லவில்லை. வந்தவரிடம் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னார். செய்தி அந்தப் பார்வையில் இருந்தது.

உங்கள் கருவி "மோட்டார் இயங்குகிறது" என்று அறிவிக்கிறது. அவர் அறிய விரும்புவது தண்ணீர் விழுகிறதா என்பதை. நம் பக்கத்துப் போர்களில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவில்தான் மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) கருகுகிறது. தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றும் நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுமை குறைகிறது. ஆகவே அது வழக்கத்தைவிடக் குறைவான கரண்டை இழுக்கிறது. ஆனால் குளிர்விக்கவும் உராய்வைத் தணிக்கவும் நீர் இல்லாததால் உள்ளே சூடேறிக் கெட்டுப்போகிறது. அந்தக் கரண்ட் குறைவை உங்கள் பெட்டி ஏற்கெனவே அளந்துகொண்டுதான் இருக்கிறது. அதை வளைகோடாக வரைந்து காட்டுவதற்குப் பதில், "தண்ணீர் வரவில்லை, மோட்டாரை நிறுத்திவிட்டேன், ஊற்று ஊறியதும் மீண்டும் போடுகிறேன்" என்று பேசச் செய்யுங்கள். செயலியைத் திறக்காதவர்களும் அதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். ஒத்துணர்வு என்று எதையாவது சொல்வதானால், அந்தப் பெண்மணி எதற்காக நிமிர்ந்தார் என்பதைக் கண்டு, அதை மின்சுற்றுப்பலகையிலும் மென்பொருளிலும் கொண்டுவந்து வைப்பதையே நான் சொல்வேன். அதுவரை அது சுவரில் ஒட்டிய சீட்டுத்தான்.

நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1980இல் ஓசூரில் தயாராகி வந்த டிவிஎஸ் 50, இருவர் அமரக்கூடிய முதல் இந்திய மொபெட். இருவர் போவதற்கென்று வந்த வண்டி நம் மக்கள் கையில் என்னவாயிற்று என்று உங்களுக்கே தெரியும்: முன்பக்கத்தில் தீவன மூட்டை, இருபுறமும் பால் கேன், பின்னால் புல்லுக்கட்டு, அதற்கும் மேலே ஒரு பையன். அந்த வரிசையில் இன்று விற்கிற எக்ஸ்எல் 100 வண்டியைப் பாருங்கள். காலடியில் மூட்டை வைக்கத் தோதான தட்டையான இடம் இருக்கிறது. பின்னிருக்கையைக் கழற்றிவிட்டுச் சுமை கட்டிக்கொள்ளலாம். அப்படிச் சுமை ஏற்றுவதைத் தவறான பயன்பாடு என்று அறிவித்துக் கையேட்டில் எச்சரிக்கை அச்சிடுவது ஒரு வழி. அதையே வண்டியின் வேலையாக ஏற்றுக்கொள்வது இன்னொரு வழி. இரண்டாவதைச் செய்ய, சந்தை நாளில் போச்சம்பள்ளி சாலை ஓரத்தில் நின்று வண்டிகளைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

ஆகவே தம்பி, போங்கள். போனால் கேள்வித்தாளைக் கொண்டு போகாதீர்கள். மோட்டார் போடுகிற நேரத்துக்குப் போய், அவர்கள் வேலைக்கு இடையூறு இல்லாமல் ஓரமாக நின்று, கை எங்கே போகிறது, கண் எங்கே போகிறது என்று பாருங்கள்.

பென்னாகரம் சாலை

பட்டறை ஐயா கண்ணையும் கையையும் பற்றி எழுதியதால் நான் உடம்பைப் பற்றி எழுதுகிறேன். தருமபுரியில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன்.

நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பது எல்லாரும் அறிந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு. அதற்கு மேலுள்ள நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களில் பற்களில் கறை படிவது வெளியே தெரிவது. எலும்புகளும் மூட்டுகளும் இறுகுவது உள்ளே நடப்பது. கழுத்தைத் திருப்பவோ நிமிர்த்தவோ முடியாமல், உடம்பையே திருப்பிப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கும் முதியவர்களை என் பணியில் பார்த்திருக்கிறேன். அவர்களுள் பெரும்பாலோர் இன்றும் காட்டுக்குப் போகிறவர்கள். கேள்வி கேட்ட தம்பிக்கு என் கேள்வி இது: உங்கள் பெட்டியைக் கொட்டாய்ச் சுவரில் எவ்வளவு உயரத்தில் மாட்டுகிறார்கள்? எலிக்கும் சாரலுக்கும் பயந்து தலைக்கு மேலே மாட்டியிருந்தால், நிமிர முடியாதவருக்கு அந்தப் பச்சை விளக்கு இருந்தும் இல்லாததே. வெடித்துக் காய்த்துப்போன விரல் நுனியைத் தொடுதிரை பல நேரம் உணர்வதில்லை. ஈர விரலிலும் அதே தொல்லை. செயலியைத் திறக்காததற்கு ஆர்வமின்மையைக் காரணமாக எழுதுவதற்கு முன், விரலைப் பாருங்கள்.

இதில் ஒரு பழைய பாடம் உண்டு. ஃபுளூரைடை நீக்க, நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் நல்கொண்டா முறையை உருவாக்கியது. வேதியியல்படி அதில் பழுது இல்லை, பொருள்களும் மலிவானவை. வீட்டு அளவில் அதைச் செய்யும் விதத்தைக் கேளுங்கள். 40 லிட்டர் பிடிக்கும் வாளியில் நீரை நிரப்பி, அந்த நீரின் தன்மைக்கு ஏற்ற அளவில் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து, பத்து நிமிடம் விடாமல் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, அடியில் படிந்த கசடு கலையாமல் மேல்நீரை மட்டும் திறந்து பிடித்து, பிறகு அந்தக் கசடை வெளியேற்ற வேண்டும். மறுநாளும் இதே. அதற்கு அடுத்த நாளும் இதே. விடியற்காலையில் குடம் தூக்கி, சாணம் அள்ளி, களி கிண்டிவிட்டுக் கூலி வேலைக்குப் போகிற ஒரு பெண்ணின் நாளில் இதற்கு எங்கே இடம் இருக்கிறது? அவருடைய காலைப் பொழுதைப் பார்க்காமல் தண்ணீரை மட்டும் பார்த்தவர்கள், முறையைச் சொல்லிக் கொடுத்தும் ஏன் செய்வதில்லை என்று வியப்பார்கள். அறியாமை என்று பெயரும் வைப்பார்கள்.

இதே சிக்கலுக்கு இன்னொரு விடையான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் நிறைவேறி, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் குறைகள் உண்டு, கடைசி ஊர்களில் தண்ணீர் வராத நாள்களும் உண்டு. ஆனாலும் பயனரிடம் அது கேட்கும் வேலை குழாயைத் திறப்பது மட்டும்தான். வடிவமைப்பில் இரக்கத்தைவிட இது பெரியது என்று நான் கருதுகிறேன். பயனர்மீது நாம் சுமத்தும் வேலையை எண்ணிப் பார்த்து, அதில் எதையெல்லாம் நம் தலையில் ஏற்றிக்கொள்ளலாம் என்று பார்ப்பதுதான் அங்கே நடந்திருக்கிறது.

இரக்கம் என்று சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். "பாவம், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்ற மனநிலையிலிருந்து தொடங்கும் பொருள்கள், பெரியவர்களைக் குழந்தைகளாக நடத்துகின்றன. ஸ்டார்ட்டரின் ஓசையைக் கேட்டே மும்முனையில் எந்த முனை (ஃபேஸ்) போயிற்று என்று சொல்கிறவரிடம், சிரிக்கும் சூரியன் படம் போட்ட திரையைக் காட்டினால் அவர் என்ன நினைப்பார்? ஜெய்ப்பூர்ச் செயற்கைக் காலை எண்ணிப் பாருங்கள். 1968இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் அதை உருவாக்கினார்கள். அதற்கு முன்பு கிடைத்த செயற்கைப் பாதங்கள் காலணி போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து வாழ்கிறவர்களுக்கானவை. வெறுங்காலோடு சேற்றில் நடக்கவும், தரையில் சம்மணமிடவும், குந்தி உட்காரவும் தோதான பாதம் வேண்டும் என்பதை அவர்கள் பொருட்படுத்தினார்கள். கால் இழந்தவர் பரிதாபத்துக்குரியவராக அங்கே தெரியவில்லை. நாளைக்கு நாற்று நட வேண்டியவராகத் தெரிந்தார்.

உண்மையை எப்படிப் பெறுவது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் அவர்களின் அனுபவம் பொருந்தும். மலிவு விலை சானிட்டரி நாப்கினைச் சோதிக்க, பந்துக்குள் வைக்கும் ரப்பர்ப் பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பி உடம்பில் கட்டிக்கொண்டு தாமே அணிந்து திரிந்தார் என்பது பலருக்கும் தெரியும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மருத்துவக் கல்லூரி மாணவியருக்கு நாப்கினோடு கருத்துப் படிவமும் கொடுத்தபோது, சிலர் மட்டும் உட்கார்ந்து எல்லாருக்குமாக அதை நிரப்பிக்கொண்டிருந்ததைக் கண்டதாக அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். படித்தவர்களிடமே படிவம் பட்ட பாடு அது. எனவே விடைகளைச் சேகரிக்காதீர்கள்; பொருளை அவர்களிடம் விட்டுவிட்டு வந்து, மறுமுறை போகும்போது அதன் நிலையைப் பாருங்கள். எந்தப் பொத்தான் தேய்ந்திருக்கிறது, எது புத்தம் புதிதாகப் பளபளக்கிறது, எதன்மேல் துணி சுற்றியிருக்கிறார்கள் என்று அது சொல்லும்.

பர்கூர் மேட்டுக்காடு

ஐயாவுக்கும் சகோதரிக்கும் மிக்க நன்றி. பெட்டியின் உயரத்தைப் பற்றி எங்கள் நிறுவனத்தில் எவரும் பேசியதே இல்லை. அதைப் பொருத்துகிறவரின் விருப்பம் என்று விட்டிருந்தோம். கரண்ட் குறைவை வைத்துத் தண்ணீர் நின்றதை அறிவிக்கும் யோசனையை நாளையே பேசப் போகிறேன். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. தோட்டங்களுக்குப் போவதற்கு நிர்வாகம் ஒப்பவில்லை; "கடைக்காரர்களிடம் கேட்டால் போதும், அவர்கள்தான் நாளெல்லாம் விவசாயிகளோடு பேசுகிறவர்கள்" என்கிறார்கள். அது சரியா?

பாலக்கோடு மோட்டார் கடை

நான் அந்தக் கடைக்காரர்களில் ஒருவன், ஆகவே நானே சொல்கிறேன்: எங்களிடம் கேட்டால் போதாது. என்னிடம் கேட்டால் எது விற்கும் என்று சொல்வேன். எந்தப் பெட்டிக்கு லாபம் அதிகமோ அதைத்தான் "விவசாயிகள் விரும்புகிறார்கள்" என்று சொல்வேன். வேண்டுமென்றே அல்ல, என் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். என் கடைக்கு வந்து பணம் எண்ணுகிறவர் வீட்டுத் தலைவர். பெட்டியோடு நாள்தோறும் பழகுகிறவர் அவருடைய மனைவியோ, தந்தையோ, குத்தகைக்குப் பார்க்கிறவரோ. வாங்குகிறவருக்குப் பிடிக்க வேண்டும் என்று செயலியில் வரைபடங்களைக் கூட்டுவீர்கள். பழகுகிறவர் அதைத் தொடவே மாட்டார்.

இருந்தாலும் கடைக்கு வரும் புகார்களில் ஒரு செய்தி உண்டு. பெட்டி பழுதானதால் திரும்பி வருவது குறைவு. பெட்டிக்குள் இருக்கிற சிம் கார்டுக்கு ரீசார்ஜ் முடிந்துபோவதுதான் முதல் தொல்லை. தன் போனுக்கு ரீசார்ஜ் முடிந்தால் உடனே தெரிகிறது. கொட்டாய்க்குள் கிடக்கிற சிம் எப்போது செத்தது என்பது, நள்ளிரவில் அழைத்து மோட்டார் ஓடாதபோதுதான் தெரிகிறது. நாலைந்து நாள் முன்பே அந்தப் பெட்டி ஒரு முறை அழைத்துச் சொல்லலாகாதா? அடுத்தது, தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பெட்டி அனுப்பினால், அங்கே வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும் கன்னடம் பேசுகிறவர்களும் ஏராளம். தமிழ் புரியாமல் இல்லை. ஆனால் அரைத்தூக்கத்தில் கேட்கிற குரல் வீட்டுமொழியில் இருந்தால் நல்லது என்று என்னிடம் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

நீங்கள் எவரும் குறிப்பிடாத ஒரு பயனர் இருக்கிறார், அவர் எலெக்ட்ரீஷியன். ஒரு கையில் டெஸ்டர், வாயில் இன்சுலேஷன் டேப், கொட்டாய்க்குள் வெளிச்சம் கிடையாது, தலைக்கு மேல் குளவிக்கூடு. இந்த நிலையில் கடுகு போன்ற திருகாணிகள் கொண்ட மூடியைக் கழற்றச் சொல்கிறீர்கள். ஒன்று கீழே விழுந்தால் மண்ணில் தேட முடியாது. மூடி சரியாக மூடாத சந்து வழியாகப் பல்லி நுழைகிறது, அடுத்த மழைக்கு மின்சுற்றுப்பலகை கருகுகிறது. உடனே "தரம் குறைவு" என்று உங்கள் நிறுவனத்துக்குப் பெயர் வருகிறது. மூடியிலிருந்து கழன்று விழாத திருகாணி போடுங்கள். 2003இல் வந்த நோக்கியா 1100 போனில் புகைப்படம் எடுக்க முடியாது, ஆனால் தூசு புகாத ரப்பர் விசைப்பலகையும் டார்ச் விளக்கும் இருந்தன. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. இரவு மோட்டார் போடப் போகிறவர் கையில் போனும் டார்ச்சும் தனித்தனியாக இருந்ததை எவரோ ஒருவர் பார்த்திருக்கிறார்.

அரூர் வாசகன்

எல்லாரும் ஒத்துணர்வின் பக்கம் நிற்பதால் நான் மறுபக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவதாக, பிறர் நிலையை அறிவது தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. உடனடிக் கடன் தரும் சில செயலிகளை உருவாக்கியவர்கள், பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் ஒரு தாய் எப்படித் தவிப்பார் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள். எந்த இடத்தில் கையெழுத்து எளிதாக விழும், எந்த நிபந்தனையை எவ்வளவு சிறிய எழுத்தில் போட்டால் கண்ணில் படாது என்பதெல்லாம் பயனரை நுணுகிப் பார்த்துக் கற்றதுதான். ஆகவே "பயனரைப் புரிந்துகொண்டோம்" என்று ஒரு நிறுவனம் சொன்னால், எதற்காக என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, கேள்வி கேட்டவரின் கருவிக்கே உரியது. நீங்கள் எவருடைய நிலையில் நின்று பார்க்கிறீர்கள்? பெட்டியை வாங்கியவரின் நிலையில். பக்கத்துத் தோட்டத்துக்காரர் உங்கள் பயனரல்லர். ஆனால் அவருடைய போரும் அதே பாறை வெடிப்பிலிருந்துதான் நீரை எடுக்கிறது. நள்ளிரவில் நடந்துபோய்ப் போட வேண்டியிருந்த காலத்தில், அந்தச் சிரமமே நீர் எடுப்புக்கு ஒரு கடிவாளமாக இருந்தது. படுக்கையிலிருந்தபடியே போடலாம், மின்சாரம் வந்ததும் தானே ஓடும் என்றாகிவிட்டால், தேவை முடிந்த பிறகும் விடிய விடிய மோட்டார் ஓடி வாய்க்கால் நிரம்பி வழிவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். வேளாண் மின்சாரத்துக்குக் கட்டணமும் இல்லை. நிலத்தடி நீரை ஊறுவதைவிட மிகுதியாக எடுக்கும் பகுதிகள் கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் இருக்கின்றன. ஒருவருடைய தூக்கத்தைக் காப்பாற்றும் கருவி இன்னொருவருடைய கிணற்றை வற்றச் செய்யுமானால், அந்த ஒத்துணர்வு வேலியோடு நின்றுபோயிற்று என்று பொருள்.

1979 முதல் 1982 வரை அமெரிக்க வடிவமைப்பாளர் பாட்ரிசியா மூர் மூதாட்டி வேடமிட்டு, காதை அடைத்து, பார்வையை மங்கலாக்கி, மூட்டுகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தார். அவர் கண்டுவந்தவை மதிப்பு மிக்கவை, மறுக்கவில்லை. ஆயினும் வேடத்தை அவர் மாலையில் கலைக்க முடிந்தது. பயனராக நடித்துப் பார்ப்பதற்கு அந்த எல்லை எப்போதும் இருக்கிறது. அதற்குப் பதில், அந்தப் பயனரையே உங்கள் மேசையில் உட்காரவைத்து முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்தால் என்ன? உங்கள் நிறுவனத்தில் இந்தச் செயலியை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் ஒரு விவசாயிக்காவது இருக்கிறதா?

கெலமங்கலம் பழைய பட்டறை

அரூர் நண்பர் சொன்ன இரண்டாவது கருத்து எனக்கு உறைக்கிறது. மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. முதலாவதில் மட்டும் ஒரு வேறுபாடு. கத்தி கெட்டவன் கையிலும் இருக்கிறது என்பதற்காகச் சமையல்காரரை வெறுங்கையோடு நிற்கச் சொல்ல முடியாது. ஆனால் நீர் எடுப்புக்கு வரம்பு வைப்பதையும் வடிவமைப்புக்குள்ளேயே கொண்டுவரலாம். போடும்போதே "எவ்வளவு நேரம் ஓட வேண்டும்" என்று கேட்டு, அந்த நேரம் முடிந்ததும் தானே நிற்பதை இயல்புநிலையாக வையுங்கள்; விடிய விடிய ஓட வேண்டும் என்கிறவர் அதைத் தனியாகக் கேட்டுப் பெறட்டும். இயல்புநிலை எதுவோ, பத்தில் எட்டுப் பேர் அதையே விட்டுவிடுவார்கள் என்பது எந்தப் பட்டறைக்காரனுக்கும் தெரியும்.

பர்கூர் மேட்டுக்காடு

இவ்வளவு விரிவான விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை. அரூர் ஐயா கேட்ட கடைசிக் கேள்விக்கு நேரான விடை: இல்லை, அப்படி ஓர் அதிகாரம் எவருக்கும் இல்லை. அதை நான் மாற்றிவிட முடியாது. என் கைக்குள் இருப்பவற்றைச் சொல்கிறேன். தண்ணீர் நின்றதை அறிவிக்கும் குரல், ஓடும் நேரத்தைக் கேட்டு வாங்குவது, சிம் காலாவதிக்கு முன் அழைப்பது, கழன்று விழாத திருகாணி ஆகிய நான்கையும் வரைபடத் திரைகளுக்கு முன்னால் வைக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். திருகாணிக்கு மட்டும் செலவுக் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். மற்றவை மென்பொருள் என்பதால் மறுப்பு வரவில்லை. மும்முனை மின்சாரம் பகலில் வரும் வாரத்தில் இராயக்கோட்டைப் பக்கம் போய்வர விடுப்பு எடுத்துக்கொள்ளவும் முடிவு செய்திருக்கிறேன்.

பாலக்கோட்டு அண்ணாவிடம் ஒரு நுட்பச் சந்தேகம். கரண்ட் எவ்வளவு குறைந்தால் தண்ணீர் நின்றதாகக் கொள்வது? ஒவ்வொரு போருக்கும் ஆழம் வேறு, மோட்டார் வேறு, மின்னழுத்தமும் ஏறி இறங்குகிறது. ஒரே எண்ணை எல்லாருக்கும் வைத்தால், நல்ல தண்ணீர் வரும்போதே மோட்டார் நின்றுபோகும் என்று அஞ்சுகிறேன்.

பாலக்கோடு மோட்டார் கடை

ஒரே எண்ணை வைக்கவே கூடாது. அப்படி வைத்த பெட்டிகளை விவசாயிகள் நேரடியாக ஒயர் போட்டுத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் மோட்டார் ஓடும். எண்ணைக் கேட்டு நிரப்பச் சொல்வதும் வேண்டாம், எலெக்ட்ரீஷியன் தோராயமாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். பெட்டிக்குள் ஒரே ஒரு பொத்தான் வையுங்கள். மாட்டி முடித்ததும் மோட்டாரை ஓடவிட்டு, குழாய் வாயில் தண்ணீர் நிறைந்து விழும்போது அதை அழுத்தினால், அப்போதைய கரண்ட்டையும் மின்னழுத்தத்தையும் சேர்த்துப் பெட்டி நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அதிலிருந்து எவ்வளவு விழுக்காடு இறங்கினால் நிறுத்துவது என்பதை நீங்கள் சோதித்து முடிவு செய்யுங்கள். மின்னழுத்தம் கொஞ்ச நேரம் ஆடினால் உடனே நிறுத்தாமல் சிறிது பொறுத்துப் பார்க்கவும் வேண்டும். கோடையில் நீர்மட்டம் இறங்கிய பிறகு அந்தப் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டியிருக்கும். ஆகவே அதை மூடிக்கு உள்ளே ஒளித்து வைக்காமல், வீட்டுக்காரரே அழுத்தும்படி வெளிப்பக்கத்தில், விரலுக்குத் தட்டுப்படும் அளவில் பெரிதாக வையுங்கள். இராயக்கோட்டைக்கு வரும்போது சோதனைப் பெட்டி ஒன்றையும் எடுத்து வாருங்கள். கடையில் விட்டுப் போகாதீர்கள், நேராகத் தோட்டத்துக்குப் போய் மாட்டுவோம். எலெக்ட்ரீஷியனுக்கு நான் சொல்லிவைக்கிறேன்.